கயிறு போடாத சீர்

சாவியைச் சுட்டுவிரலில் சுழற்றியபடியே வீட்டுக்குள் நுழையும் என் அண்ணனுக்கு,

உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது. உன் உயிரைக் குடித்தது எது என்று போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அது தெரியாமல் தனக்கோட்டி என்று ஒருவர் பாதி ஆயுளைத் தலை குனிந்தே கழித்துவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு வருடமாக நான் முட்டிக்கொண்டு நின்ற சுவர் இதுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், உனக்கே தெரிந்திருக்கும். அங்கேயாவது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா? அம்மா மணலூர்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு மலையடிவாரத்தில் என்னோடு இருக்கிறாள். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தெருவில் போகிற ஆடுகூட அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். போன மாதம் என் மகளுக்கு மூங்கில்துறைப்பட்டில் கல்யாணம் முடிந்தது.

மகன் ஒரு கார் வாங்கியிருக்கிறான். அதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். கதவில் ஒரு பை, சீட்டு முதுகில் ஒரு பை, கை வைக்கிற இடத்தைத் தூக்கினால் அதற்குள் ஒரு குழி. இத்தனை இருந்தும் தண்ணீர் பாட்டிலைக் காலடியில்தான் போட்டு வைப்பான். ஒரு நாள் அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, வீட்டு வாசல். நீ இருந்திருந்தால் செவிட்டில் ஒன்று விட்டிருப்பாய்.

உன் அம்பாசிடரில் இருந்தது டேஷ்போர்டில் ஒரே ஒரு பெட்டி. அதன் மூடி நிற்காது, சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டி வைத்திருப்பாய். உள்ளே ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட், துடைக்கிற துணி, விபூதிப் பொட்டலம். வேறு எதையும் விடமாட்டாய். ஒருமுறை என் வளையல் டப்பாவை அதில் வைத்ததற்கு சங்கராபுரம் வரை திட்டிக்கொண்டே வந்தாய்.

டிக்கியை நீ அடுக்கும்போது பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். கனமானது அடியில், அதுவும் பின்சீட்டு முதுகை ஒட்டி. லேசானது மேலே. சந்து இருந்தால் சாக்கைச் சுருட்டிச் செருகுவாய். கடைசியில் கயிற்றைப் போட்டு இழுத்து, கையால் ஆட்டிப் பார்ப்பாய். ஆடினால் மொத்தத்தையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவாய். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் ஒரு தேங்காய்கூட இருக்கக் கூடாது.

வெள்ளிமலையில் அந்தப் பலாப்பழ வியாபாரியோடு போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டாய். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் பழங்களைப் பின்சீட்டில் குவித்துவிட்டு, மேலே தானும் ஏறப் பார்த்தார்.

"எறக்குங்க எல்லாத்தியும்" என்றாய்.

"இன்னாப்பா, எத்தினி வண்டியில போட்டுக்கினு போயிருக்கேன். இன்னா ஆயிடும் இப்ப?"

"மலையில பிரேக்க அடிச்சா வண்டி நிக்குங்க. பலாப்பழம் நிக்காது. நேரா எம் பொடனிக்குத்தான் வரும். எறக்குங்க, டிக்கியில கட்டறேன்."

அவர் முனகிக்கொண்டே இறக்கினார். உன் அதிகாரம் அவரிடம் செல்லும், ஊர் முழுக்கச் செல்லும். வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் செல்லாது.

என் கல்யாணத்துக்கு நாள் குறித்தது ஆவணியின் கடைசி முகூர்த்தம். தள்ளிப்போட்டால் புரட்டாசி வந்துவிடும். இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் கொதித்துக் கிடந்த காலம் அது. வயிற்றெரிச்சலோடு ஆரம்பித்த நியாயமான கேள்வி, நீயும் கூட்டங்களுக்குப் போய் வந்தவன்தான். பிறகு சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே விழுந்தன. பஸ் நின்றது. போலீஸ் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் போனவர்கள் உண்டு, குடிசையைத் தீக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்களும் உண்டு. இதெல்லாம் வெடிப்பதற்கு முன்பே, மறியல் ஆரம்பிப்பதற்குள் சீரைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிடலாம் என்று நீ அவசரப்பட்டாய். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மதியம் வண்டியை வாசலில் நிறுத்தினாய்.

அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் டிக்கியில் போயின. மெத்தையைச் சுருட்டிப் பின்சீட்டில் வைத்தாய். அம்மியை மட்டும் தனியாக எடுத்து, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் வைக்கப் போனாய். அம்மா பாய்ந்து வந்தாள்.

"டயரு கெடக்கற எடத்துலியா அம்மிய வெக்கற? சீர் ஜாமான்டா அது. காலுக்குக் கீழ போவக் கூடாது."

நாளைக்கு மணமேடையில் நான் கால் வைத்து மெட்டி போட்டுக்கொள்ளப் போகிற கல் அது. அந்தக் கல் வண்டியில் கால் படும் இடத்தில் இருக்கக் கூடாதாம். எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்து, புதுத் துண்டு சுற்றி, அம்மியை மெத்தைச் சுருளின் மேலே ஏற்றி வைக்கச் சொன்னாள் அம்மா. உன் முகம் சுருங்கியது. கயிற்றை எடுத்து வந்தாய்.

"சீருக்குக் கயிறு போடறியா? பொணத்துக்குடா கட்டுவாங்க கயிறு. அவுரு அத."

பலாப்பழக்காரரிடம் பேசிய வாய் எங்கே போனது அண்ணா? கயிற்றைச் சுருட்டி டிக்கியில் எறிந்துவிட்டு வண்டியில் ஏறினாய். சீரோடு போக வேண்டிய தாய்மாமன் உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "போய்ட்டு வரேன் செல்வி" என்று கையாட்டினாய்.

சங்கராபுரம் தாண்டி மழை. ஒரு வளைவில் திரும்பினால் ரோட்டின் குறுக்கே புளியமரம். மறியலுக்கு முந்தியே யாரோ அவசரப்பட்டு வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டி மரத்தில் மோதி நீ போய்விட்டாய் என்று எங்களுக்குச் செய்தி வந்தது. எல்லாருக்கும் அதுதான் தெரியும்.

வெட்டியவர்களில் ஒருவர்தான் தனக்கோட்டி. அப்போது மீசை அரும்பிய வயது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதது அவர்தானாம். உன்னைக் கொண்டுபோக வழி வேண்டுமே, எந்தக் கோடாலியால் மரத்தைச் சாய்த்தார்களோ அதே கோடாலியால் அதைத் துண்டுபோட்டு அகற்றினார்கள். ஒரு டிராக்டரில் உன்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த தையில் அதே மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மேடையில் கால் வைத்தது இரவல் அம்மி. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, தனக்கோட்டி இதே ஊர்க்காரர். அவர் நிலம் என் வீட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எங்கள் தெரு வழியாகப் போனதில்லை. வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு போவார். எதிரே கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொள்வார். நானும் மனதுக்குள் அவரைச் சபித்தவள்தான்.

போன வருடம் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனபோது மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, வண்டி மரத்துல மோதலம்மா. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டிய நிறுத்தலாம், அவ்ளோ எடம் இருந்துச்சி. ஒங்கண்ணன் சரியாத்தான் பிரேக்க அடிச்சான். வண்டி நின்னுடுச்சி. அம்மி நிக்கல."

மலையில் நீ சொன்ன அதே பேச்சு. மாமா அதைக் கேட்டதில்லை. அம்பாசிடர் முன்சீட்டில் தலைக்குப் பின்னால் தாங்கல் ஏது? முதுகோடு சரி. மெத்தை மேலிருந்து கிளம்பிய கல் நேராக உன் பிடரிக்கு வந்திருக்கிறது. ஆட்கள் ஓடி வருவதற்குள் மாமா அம்மியைத் தூக்கி டிக்கியில் போட்டுவிட்டார். வண்டியை ஓரம் தள்ளியபோது அது பள்ளத்தில் இறங்கி முன்பக்கம் நசுங்கியது. கொட்டுகிற மழையில், பதறி ஓடி வந்தவர்கள் யாரும் மரத்துக்கு முன்னால் இருந்த இடைவெளியைக் கவனிக்கவில்லை; நசுங்கிய முன்பக்கமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

"எப்டி சொல்வேன்? கயிறு வேணாம்னு சொன்னது ஒங்கம்மா. தெரிஞ்சா அன்னிக்கே கெணத்துல வுழுந்திருப்பா."

மாமா அந்த வாரமே போய்விட்டார். பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் போனார். நான் என்ன செய்வது? ஒரு பக்கம் செய்யாத கொலைக்கு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகும் மனிதர். மறுபக்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் அம்மா. யாரைக் காப்பாற்ற யாரைக் கொல்வது? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

இதற்குள் தனக்கோட்டிக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால், வாய் எல்லாம் போய்விட்டன. காது மட்டும் கேட்கிறது என்று அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள்.

போன மாதம் மகளுக்குச் சீர் அனுப்பினோம். என் மகன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். இந்தக் காலத்து அம்மி கைக்கு அடக்கமானதுதான், ஆனாலும் கல் கல்தானே. அவன் அதைப் பின்சீட்டில் பட்டுப்புடவைப் பெட்டி மேலே வைத்தான். இறக்கச் சொன்னால் ஏன் என்பான். காரணத்தை அம்மா எதிரில் எப்படிச் சொல்வேன்? வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு காரிடம் வந்தாள்.

"அத எறக்குடா. டிக்கியில அடியில வையி. சீட்ட ஒட்டி. கயிறு போட்டு இறுக்கிக் கட்டு."

மகன் சிரித்தான். "இன்னா ஆயா, சீருக்குக் கயிறு போடக் கூடாதுன்னு சொல்லுவியாமே நீ?"

"சொன்னேன். சொல்லிட்டு எம் புள்ளைய கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கினு போறத பாத்தேன். கட்டுடா."

அவன் சிரிப்பு நின்றது. அம்மியை இறக்கி டிக்கியில் வைத்துக் கட்டினான். அம்மா கையை விட்டு ஆட்டிப் பார்த்தாள், நீ ஆட்டிப் பார்ப்பாயே, அதே மாதிரி. கார் போன பிறகு நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அவன் தலைய கழுவுனது நானு. முன்னால ஒரு கீறல் இல்ல. பின்னால கை வெச்சேன், தெரிஞ்சிபோச்சி."

மணலூர்பேட்டை வீட்டுக் கிணற்றடியில் அந்த அம்மி ஏன் கவிழ்ந்தே கிடந்தது என்று இப்போது புரிகிறது. சீரில் திரும்பி வந்த அண்டாவை எனக்குக் கொடுத்தாள், குடத்தைக் கொடுத்தாள். அம்மியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. ஒரு நாள்கூட அதில் அரைக்கவும் இல்லை.

"தெரிஞ்சிமா சும்மா இருந்த? தனக்கோட்டி அண்ணன்?"

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கல்லாம் எனக்காவ மறைச்சீங்க. நானும் எனக்காவத்தான் மறைச்சேன். அந்தப் புள்ள வாய்க்கா கரையோட சுத்திக்கினு போறத இங்கியே குந்திக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன். மரம்னு சொல்ற வரிக்கும் எனக்குச் சோறு எறங்குச்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன் அண்ணா. அப்படி ஒரு கோபம் பெற்ற தாயின் மேல் வரும் என்று நினைத்ததே இல்லை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவளும் கேட்கவில்லை. கல்யாணத்திலும் பட்டும் படாமலும்தான் நின்றோம். நேற்று அவளே கூப்பிட்டாள்.

"அவனுக்குக் காது கேக்குதாமே. என்ன அழைச்சிக்கினு போ."

நாளைக் காலையில் போகிறோம். அதற்கு முன் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடக்கிற தூரம்தான், அம்மாவால் நடக்க முடியாது. மகன் காரில்தான் போக வேண்டும். பின்பக்கத்தில் கிடந்த குடை, பாட்டில், தேங்காய் எல்லாவற்றையும் நானே எடுத்து வெளியில் வைத்துவிட்டேன். வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர் தவிர வேறு எதுவும் இல்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை என் கையால் மாட்டுவேன். தனக்கோட்டி கட்டில் பக்கத்தில் அவளை உட்கார வைப்பேன். அவள் ஆரம்பித்துப் பாதியில் நின்றால் மீதியை நான் சொல்வேன். உன்னைக் கொன்றது அவர் வெட்டிய மரம் இல்லை, எங்கள் அம்மி என்பது அவர் காதில் விழுந்துவிட்டது என்று தெரியும் வரை எழுந்திருக்க மாட்டோம். திரும்பி ஒரு வார்த்தை திட்டக்கூட அவருக்கு வாய் இல்லை. அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

நீ ஏற்றிய சீர் வந்து சேராமலே புகுந்த வீடு வந்த
உன் தங்கச்சி,
செல்வி