தையல் மிஷின் காலில் ஒரு கடைசல் எந்திரம்

அக். 29, புதன்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கூடத்தில் அம்மாவின் தையல் மிஷின் ஸ்டாண்டு. தலை துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. மிதியும் சக்கரமும்தான் மிச்சம். மேலே பலகை பொருத்தி, மரம் கடைய எந்திரம் கட்டுகிறேன்.

சேர்ந்தவை: சைக்கிள் கடை பாய் சும்மா கொடுத்த பழைய ஹப், கூராக்கிய போல்ட்டு, அரத்தைத் தீட்டிச் செய்த உளி. புதிதாக வாங்கியது தோல் பெல்ட்டு மட்டும்.

மதியம் வாலாஜாபாத்திலிருந்து அண்ணன் போன். "சிநேகிதன் ஓட்டல் தொறக்கறான்மா. டேபிளுக்கு அந்தக் காலு வேணுமாம். குடுக்கறேன்னுட்டேன்."

மிஷின் செய்கிறேன் என்றேன். சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை வரேன். ஓடுச்சுன்னா உனக்கே. ஓடலன்னா ஏத்திக்கினு பூடுவேன்."

டேபிள் கால். எத்தனை முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைத்தது. அம்மா அடுப்படிக்குப் போனால் போதும், நானும் அண்ணனும் ஏறி மிதிப்போம். சக்கரம் பின்பக்கம் சுற்றும், நூல் அறுந்துவிடும். அப்புறம் அம்மாவின் கத்தல், முதுகில் அடி.

அக். 31, வெள்ளி

அரை நாள் லீவு. மழை. வேப்பங்கட்டையை மாட்டி மிதித்தேன். சுற்றியது. உளியை வைத்ததும் நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி நின்றது. ஹப்பைக் கழற்றி கிரீஸ். கட்டையை இன்னும் சன்னமாகச் செதுக்கி... ம்ஹும்.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து: "டேபிளா இருந்தா தட்டாவது வெக்கலாம்."

சிரிப்பு வந்தது, கோபமும். பால் வாங்க மறந்துபோனேன்.

நவ. 1, சனி

சுவரெல்லாம் ஓதம். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம். பல் தேய்க்கும்போது சட்டென்று நினைவு: மழைக்காலத்தில் அம்மா பெல்ட்டைக் கழற்றுவாள். ஈரத்தில் தோல் நீண்டு, வழுக்கும். ஒரு துண்டு வெட்டி, கம்பிக் கொக்கியைத் திரும்ப மாட்டி, துணியில் கோடு போடுகிற சாக்பீஸைத் தேய்ப்பாள். வெட்டிய துண்டுக்காகப் பக்கத்திலேயே காத்திருப்பேன். என் பொம்மைக்கு இடுப்பு பெல்ட்டு.

வெட்டினேன். தேய்த்தேன். மிதித்து, உளியை வைத்தேன்.

நிற்கவில்லை. சுருள் சுருளாகச் சீவல், மடி முழுக்க. வேப்பங்கசப்பு மணம். தோல் துண்டு பொட்டு டப்பாவில்.

நவ. 2, ஞாயிறு

வெயில். அண்ணன் மினி வேனோடு வந்தான். வாடகை வண்டி, டிரைவர் வாசலில். உளிக்குக் கைப்பிடி கடைந்துகொண்டிருந்தேன், பாதி முடிந்திருந்தது.

"இன்னாமா, நெசமாவே ஓடுதா? தள்ளு, நான் பாக்கறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தான். வேட்டியை மடித்துக்கொண்டு மிதித்தான். கட்டை பின்பக்கமாகச் சுற்றியது.

"பின்னாடி சுத்தாதடா, நூலு அறுந்துடும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அண்ணனை நான் 'டா' போட்டதே இல்லை.

அவன் கையால் சக்கரத்தை முன்பக்கம் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மெதுவாக மிதிக்க ஆரம்பித்தான். வெகுநேரம்.

"அந்த டிரைவருக்கு டீ குடுத்து அனுப்பிடுமா."