கையெழுத்துப் போடாதே

என் வீட்டு மேலதிகாரிக்கு,

வணக்கம். உன் முட்டி வலி தேவலையா? நான் சௌக்கியம். இங்கே சாப்பாட்டில் உப்பில்லை, எனக்கும் ரோஷம் குறைந்துவிட்டது.

நேற்று போனில் "மக படிப்பை விடுறதுக்குக் கையெழுத்துப் போடாதே" என்றேன். "ஏன்?" என்றாய். சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்றுதானே எங்களுக்கு இங்கே பயிற்சி? பயிற்சி தரும் அம்மா, அந்தப் பிள்ளைகள் படும் பாடு புரிய எழுத்துகளைக் கலைத்து அச்சடித்த ஒரு பக்கத்தை நீட்டி, என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். இருபத்திரண்டு வருஷ வாத்தியார், இரண்டாம் வரியில் திக்கி நின்றேன்.

"என்ன சார், சோம்பேறித்தனமா? வீட்ல புத்தகத்தையே தொடறதில்லையா?" என்றார். அப்படிக் கேட்பதும் பயிற்சிதானாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உட்கார்ந்ததும்தான் உறைத்தது. நம் மகளிடம் நான் தினமும் கேட்பது அதே கேள்வி.

கேள்வியை வாசித்துக் காட்டினால் டாண் டாணென்று பதில் சொல்வாளே. பார்த்தும் பாராமல் இருந்துவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்றுதான் இதை அவசரமாக எழுதுகிறேன். அவளது பழைய நோட்டுகளை எடைக்குப் போடாதே. அவளுக்கும் இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிப்பவர் கேட்பாராம்.

மன்னிப்புக் கேட்டு அவளுக்கு நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அத்தனையையும் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டுமே. இதை நீயே படித்துக் காட்டு. அவள் எழுந்து போனால், கதவுக்கு வெளியே நின்றாவது படி.

வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் பயந்தாங்கொள்ளி