பேச்சியம்மாளுக்கும் மகனுக்கும்

புரட்டாசி 9, வியாழன்

அந்தக் கார்டு யாருக்கு வந்தது என்று இன்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

தாத்தாவின் பத்திரக் கட்டுக்குள் கிடந்த யுத்த காலத்துக் கார்டு. ‘இளையரசனேந்தல் பேச்சியம்மாளுக்கும் மகனுக்கும். பர்மாவில் உயிரோடு இருக்கிறேன். வந்துவிடுவேன்.’ அப்பாதான் என்னை விரட்டினார். “அடுத்தவங்க பொருளு, ஏட்டி. அந்தப் பிள்ளை இருந்தாக் குடுத்துரணும்.”

லீவு போட்டுவிட்டு இளையரசனேந்தல் போனேன். ஒரு பெரியவருக்கு விவரம் தெரிந்திருந்தது.

“புருஷன் செத்துட்டான்னு நெனச்சு, பேச்சியம்மாளைக் கைப்பிள்ளையோட சங்கரன்கோவில்ல மறுபடியும் கட்டிக் குடுத்தாக. அங்கன மாமியாருக்கும் அதே பேரு. அதனால இவளைக் கோமதின்னு மாத்திக் கூப்பிட்டாக. பொறவுதான் இந்தக் கார்டு வந்துச்சு. எங்கய்யா கொண்டு போயி அந்தப் புதுப் புருஷன் கையில குடுத்தாரு.”

கோமதி அப்பாவின் அம்மா. கைப்பிள்ளை அப்பா. கார்டை ஒளித்தது தாத்தா. எழுதியவர் திரும்பி வந்தாரா என்று கேட்கப் பயந்து எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். “ஆளு தெரிஞ்சுதா?”

“இன்னும் விசாரிக்கணும்ப்பா.”

“ஒனக்குக் கேக்கத் தெரியல. நாளைக்கு நானும் வாரேன். அந்தப் பிள்ளை மொகத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதும்.”