பெண்ணாடத்து ஓட்டு வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ரிட்டயர் ஆனதும் சென்னையை விட்டுவந்து குடியிருக்க நீங்கள் விசாரித்த பெண்ணாடம் வீட்டைப் பார்த்தேன். வேண்டாம். சூளையில் சரியாக வேகாத மண் நாக்கில் ஒட்டும். எங்கள் பீங்கான் ஆலையில் அப்படித்தான் சோதிப்போம். அங்கே கிடந்த ஓட்டுத் துண்டும் ஒட்டியது. கூரை ஒழுகும்.

வீட்டுக்கார அம்மா, "பசிச்சா சொல்லுங்க தம்பி, சோறு போடுறேன். ஓட்ட ஏன் நக்குறீங்க?" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ரசம் நன்றாக இருந்தது.

இனி வேப்பூர், நல்லூர் என்று அலைய என்னால் முடியாது. விருத்தாசலத்தில் என் அறைக்குக் கீழ்வீடு காலி. கான்கிரீட் தளம். சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்.

நான் கேட்டிருந்த சின்னக் குக்கரை அனுப்பவேண்டாம். மூன்று பேருக்கானதை நீங்களே எடுத்து வாருங்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது.

நிலவன்