திரும்பி வராத பதினோரு பூனைகள்

என் தங்கப் பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க அதே மாதிரி இருக்கணும்னு நெனச்சுக்கிட்டுதான் பேனாவைத் தொட்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கட்டைப் பிரிச்சதும் என்னைப் பார்த்து நீ எப்ப இவ்ளோ கிழவியானன்னு கேட்டார், நர்ஸெல்லாம் சிரிச்சுட்டாங்க. உன் தம்பி வேலை மாறிட்டான். இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. மூணு தடவை போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டேன். சொல்ல வந்தது வேற. உன் பூனை கருப்பி செத்தது நோயால மட்டும் இல்லடி, நான் சொன்ன டோஸாலயும் இருக்கும். அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இல்லைன்னும் என்னால இனிமே சொல்ல முடியாது.

போன மாசம் எங்க கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரியில ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணாங்க. அட்டெண்டர் ஒரு கட்டு நோட்டைக் கொண்டு வந்து, இதைக் கிழிச்சுடலாமா மேடம்னார். முன்னால கவுன்ட்டருக்கு வர்ற போனையெல்லாம் எழுதி வெக்கிற நோட்டு. பதினாறு வருஷம் முந்தினது, சிறுநீரகம் கெட்ட பூனைகளுக்கு, கருப்பிக்குக் கொடுத்த அதே மருந்தை நான் டோஸ் கூட்டிக் கொடுத்துப் பார்த்த வருஷம். சும்மாதான் புரட்டினேன். ஆரஞ்சுப் பூனை, டீச்சர் வீடு, காலையில செத்துடுச்சு, டாக்டரம்மாகிட்ட சொல்லவும்னு ஒரு வரி. என்கிட்ட யாரும் சொல்லல. கதவைச் சாத்திக்கிட்டு எல்லாப் பக்கத்தையும் படிச்சேன். அந்த ஆராய்ச்சியில மொத்தம் அறுபத்திரண்டு பூனை, அதுல பதினொண்ணு மறுபடி காட்ட வரல. நல்லாயிட்டதாலதான் வரலைன்னு நானே முடிவு பண்ணி ரிசல்ட்ல சேர்க்காம விட்டேன். ஒரு போன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். புரொபசர் இன்டர்வியூவுக்கு முன்னாடி கட்டுரை அச்சுல வந்தாகணும்னு அவசரம், வேற சாக்கு இல்ல. அந்தப் பதினொண்ணுல ஒன்பது, மூணு வாரத்துக்குள்ள போயிருக்கு. அந்தக் கட்டுரையைத்தான் வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்தினேன்.

கருப்பிக்கு உங்க டாக்டர் பாதி டோஸ் போதும்னாரே, ஞாபகம் இருக்கா? போனை அவர்கிட்ட கொடுக்கச் சொல்லி, அந்த டோஸைக் கட்டுரையில எழுதினவளே நான்தான்னு அவர் வாயை அடைச்சேன். பன்னெண்டாம் நாள் போயிடுச்சு. நீ அழுதுக்கிட்டே, உன்னால ஆனதைப் பண்ணிட்டம்மான்னு எனக்கு ஆறுதல் சொன்ன.

துறைத் தலைவர் என்கிட்டயே படிச்சவர். எட்டு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க, எதுக்கு மேடம் கிளறறீங்கன்னார். நானே பத்திரிகைக்கு எழுதிட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்கிட்டதா போன வாரம் போட்டாங்க. இப்ப ஸ்டாஃப் ரூமுக்குள்ள நான் நுழைஞ்சா பேச்சு நின்னுடுது. அதை நம்பித் தீசிஸ் பண்ண பொண்ணு, ரெண்டு வருஷம் மேடம்னு மட்டும் சொல்லிட்டு என் முன்னாடியே ஃபைலை மூடினா. திட்டியிருந்தா தேவலை. ஒன்பது வீட்டுக்கும் போன் போட்டேன், அஞ்சு நம்பர் இப்ப இல்ல. டீச்சர் எடுத்தாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, அது துப்பத் துப்ப வாயைப் பிடிச்சு மாத்திரையைக் கொடுத்தது நான்தானேன்னாங்க. அப்பாகிட்ட சொன்னப்ப, பாப்பாவுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னார்.

மன்னிச்சுடுன்னு எழுதி எழுதி அடிச்சுட்டேன், கேக்கற உரிமை எனக்கு இருக்கான்னு தெரியல. கொஞ்ச நாள் என்கிட்ட பேசப் பிடிக்கலைன்னா பேசாத, ஆனா அப்பா கூப்பிட்டா எடு, அவர் ஒரு தப்பும் பண்ணல. உங்க டாக்டருக்குத் தனியா எழுதியிருக்கேன். வேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு அலட்சியம் பண்ணாத. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம நீடூழி இருக்கணும், என் வாழ்த்து இப்பவும் பலிக்கும்னா. ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. நீ எதையும் தூக்கிப் போடறவ இல்ல, அந்த மாத்திரை மிச்சம் வீட்ல எங்கயாவது இருக்கும். யார் அவங்க பூனைக்குக் கேட்டாலும், அம்மா எழுதிக் கொடுத்ததுன்னு சொல்லி அதை எடுத்துக் கொடுத்துடாத.

உன்னைப் பெத்தவ,
அம்மா