இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினேழு வண்டிகள்தான். நான் புகைக்குழாயில் கருவியைச் செருகிக்கொண்டிருந்தபோது வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: "சார், எல்லாரும் பேட்டரி வண்டிக்கு மாறிட்டா நீங்க எங்க கொண்டுபோய்க் குழாயை விடுவீங்க?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்திருக்கலாம். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். வண்டி தேறியது.

எந்திரவியலில் முதுகலை. எரிபொருள் பம்ப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள், கடைசி ஆறு ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவர். இப்போது பெட்ரோல் பங்க் மூலையில் வண்டிப் புகையைப் பரிசோதிக்கும் ஒரு தகரக் கூண்டு. இதைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று ஜனவரியில்தான் முடிவு செய்திருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

புதிய இணைய விதிமுறை அமலுக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் கருத்துச் சுதந்திரம் என்றார். ஒருவர் வதந்தியால் செத்தவர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். ஒருவர் மேசையைத் தட்டினார். நான்காமவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு பிரிவு. ஃபோன் குழுவில் பொய்ச் செய்தி வந்து, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அட்மின் அதை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் போட்டவனோடு அவனும் குற்றவாளி.

நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பின் குழுவுக்கு அட்மின் நான். லிஃப்ட் பழுதானபோது ஆரம்பித்த குழு. லிஃப்ட் சரியாகிவிட்டது, குழுதான் சரியாகவில்லை.

சங்கச் செயலாளர் படியில் பிடித்துக்கொண்டார். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. தும்மினாலும் கூட்டம் போடுவார். "பார்த்து சார். நாங்க எதையாவது போட்டுட்டு ஜாலியா இருப்போம். தூக்கிட்டுப் போறது உங்களை."

விதிமுறையை முழுதாகப் படித்தேன். அறுபத்திரண்டு பக்கம். இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாம் மாடிக்காரன் தன் மின்சாரக் காருக்கு வைத்த சார்ஜிங் பாயிண்ட்டைப் பற்றிக் குழுவில் ஐம்பத்து நான்கு செய்திகள். தரைத்தளத்துக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்துச் சுவரில், தனி மீட்டர் போட்டு, அனுமதி வாங்கித்தான் வைத்தான். இப்போது எங்கோ ஒரு மின்சாரக் கார் எரிந்த செய்தி வந்ததும் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கூட்டம். பாயிண்ட் இருக்குமா போகுமா என்று வாக்கெடுப்பு.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் அவனிடம் ஓர் அறிக்கை கேட்டது. "பம்ப் பிரிவில் இனி முதலீடு தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இரண்டே மாதத்தில் பேட்டரி நிறுவனத்துக்குப் போய்விட்டான். அந்த அறிக்கையைக் காட்டித்தான் என் பிரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார்கள்.

அவன் எழுதியது சரி. அதுதான் தொண்டையில் நிற்கிறது.

'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது 'நீங்க' போட்டுப் பேசுகிறோம். ஆனால் என் மனைவியும் அவன் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள். தினமும் காலை அவன் காரில்தான் சேர்ந்து போகிறார்கள். "சத்தமே இல்லைங்க, மெதுவாப் பேசினாலே கேக்குது" என்றாள் ஒருநாள். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்து வந்தவள்.

மார்ச் 12, புதன்

லிஃப்டில் அவன் மட்டும். தப்பிக்க வழியில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா போதும்" என்றான். "இஞ்சின் விஷயம்னா இங்க உங்க பேச்சுக்குத்தான் மதிப்பு. எனக்கு வேலைக்குப் போக வர எழுபது கிலோமீட்டர். இந்தப் பாயிண்ட் போச்சுன்னா வீட்டையே மாத்தணும்."

"அறிக்கை எதாவது எழுதித் தரணுமா?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. என் தளம் வந்தது. இறங்கிவிட்டேன். இந்தக் கேள்வியை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்தேன். கேட்டால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேரப்படி எழுதுகிறேன்.

காலை 7.10. பல் டாக்டர் குழுவில் ஒரு வீடியோ போட்டார். கட்டடத்துக்கு அடியில் ஒரு கார் எரிகிறது, யாரோ அலறுகிறார்கள். கீழே: "நம்ம மூணாவது மாடி சார் வச்சிருக்கிற அதே மாடல். சார்ஜ் போடும்போது வெடித்தது. தூங்குற குழந்தைகளை நினைச்சுப் பாருங்க."

இரண்டு நொடி. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. பின்பக்க பம்பருக்குக் கீழே புகைக்குழாய் தெரிகிறது. பேட்டரிக் காருக்கு ஏது புகைக்குழாய்? நாளெல்லாம் அதன் வாயில் கருவியைச் செருகுகிறவன் நான். எரிவது பெட்ரோல் கார். மாடலும் வேறு.

7.40. அவனிடமிருந்து தனிச் செய்தி. "இது பொய். நீக்கிடுங்க. அல்லது பெட்ரோல் கார்னு ஒரு வரி எழுதுங்க. இதை முறைப்படியான புகாராவே எடுத்துக்கலாம்."

முறைப்படி. சரி. 7.40 என்று காலண்டரில் குறித்துக்கொண்டேன். நாளைக் காலை 7.40 வரை எனக்கு நேரம் இருக்கிறது. சட்டம் தந்த நேரம்.

8.00. மனைவி ஃபோனை நீட்டினாள். "என்னங்க இது, நிஜமா?"

"தெரியலை. பார்க்கணும்."

மாலை 6.00. கூட்டம், கார் நிறுத்துமிடத்திலேயே. பிளாஸ்டிக் நாற்காலிகள். அவன் கார் எங்களுக்கு நடுவில் நின்றது, குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல. எல்லோர் கையிலும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர்: "நான் யாருக்கும் எதிரி இல்லை. ஆனா எங்க படுக்கையறை இதுக்கு நேர் மேல."

அவன்: "டாக்டர், அது என் கார் மாடலே இல்லை. பெட்ரோல் கார் அது."

"நீங்க அதைத்தானே சொல்வீங்க? நான் பல்லைப் பிடுங்கினா வலிக்காதுன்னுதான் சொல்வேன்."

சிரிப்பு. தைத்துக் கொடுக்கும் தொழில் செய்யும் முதல் மாடி அம்மா மட்டும், "அனுமதி வாங்கித்தானே வச்சாரு, ஒரு வீடியோவுக்கா கழட்டச் சொல்வீங்க?" என்றார். "நீங்க உட்காருங்கம்மா, உங்களுக்கு வண்டியே இல்லை" என்றார் செயலாளர். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க இஞ்சின் ஆளு. நீங்க சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். பெண்கள் வரிசையிலிருந்து மனைவி பார்த்தாள்.

"நான் அந்தக் காரைப் பரிசோதிக்கலை" என்றேன்.

இதில் பொய் எங்கே? ஒரு சொல்லைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது.

எடுத்துவிட வேண்டும் என்று இருபத்தொன்பது கை. வேண்டாம் என்று ஒன்பது. மனைவி கை அந்த ஒன்பதில். நான் எதற்கும் தூக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலை 7.30-க்கு வீடியோவை நீக்கினேன். "விதிமுறைப்படி நீக்கப்பட்டது - அட்மின்" என்று போட்டேன். பத்து நிமிடம் மீதி இருந்தது.

ஏழு ஐம்பதுக்கு மனைவி கீழே இறங்கிப்போய்த் திரும்பி வந்தாள். அவர்கள் முன்னாடியே கிளம்பிவிட்டார்களாம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். வழியில் என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மின் பணியாளர் வந்து பாயிண்ட்டைக் கழற்றிக்கொண்டு போனார். இருபது நிமிட வேலை.

மார்ச் 22, சனி

ஜெயித்துவிட்டேன் என்று எழுதிப் பார்க்கலாமா? எழுதிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க மரப்பு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல.

அவன் மனைவி பள்ளியில் இவளிடம் கேட்டாளாம்: "அதுல புகைக்குழாய் இருக்கு. எனக்கே தெரியுது. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா அக்கா?"

இவள் என்னிடம் கேட்டாள்.

"அப்புறமாத்தான் கவனிச்சேன்" என்றேன்.

"அப்புறம்னா? நீக்கினீங்களே, அப்பவா?"

"ஆமா."

"அப்ப கூட்டத்துல தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றேன்ல! எத்தனை தடவை கேப்ப? அவன் என் பிழைப்புல மண்ணைப் போட்டப்ப யாராவது வந்து கேட்டாங்களா? நீ கேட்டியா?"

கத்திவிட்டேன். உண்மையில் அவள் கேட்டிருந்தாள். அன்று அவனிடமே போய்க் கேட்டாள், எனக்குத் தெரியாமல். 'என்கிட்ட அபிப்பிராயம் கேட்டாங்க, மனசுல பட்டதை எழுதினேன், அவன்கிட்ட சொல்ல தைரியம் வரலை' என்று அவன் அழுததாக இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அதை நான் இந்த நோட்டில் எழுதவே இல்லை. இப்போது ஏன் எழுதுகிறேன்?

மார்ச் 29, சனி

அவன் பொதுச் சார்ஜிங் நிலையத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கிறானாம். செயலாளர் சொன்னார், நல்ல செய்தி சொல்வதுபோல.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடு காலி செய்துவிட்டார்கள். லாரி பத்து மணிக்கு வந்தது. மனைவி காலையிலிருந்து மேலே அவர்கள் வீட்டில்தான், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு. அவன் மனைவி வேறு பள்ளி பார்த்துக்கொண்டாளாம், புது வீட்டுக்குப் பக்கத்தில்.

படியில் அவன் எதிரே வந்தான். கையில் ஒரு மேசை விளக்கு.

"வரேன்" என்றான்.

"சரி" என்றேன்.

ஏதாவது சேர்த்துச் சொல்வான் என்று நின்றேன். அவனும் அதற்காகத்தான் நின்றானோ என்னவோ. சுமை தூக்குபவர் மேலிருந்து "வழி, வழி" என்று கத்தினார். இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். கட்டில் எங்களுக்கு நடுவே இறங்கிப் போனது.

ஜூன் 10, செவ்வாய்

பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்த அரசு குறித்திருந்த ஆண்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கூண்டில் இருந்தவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள், மகன் பாஸானதுபோல. இணைய விதிமுறைமீது வழக்கு நடக்கிறது. இருபத்து நான்கை ஆறு மணி நேரமாக்க வேண்டும் என்று ஒரு தரப்பு, அடியோடு எடுக்க வேண்டும் என்று இன்னொன்று. ஆறு மணி நேரமாக இருந்திருந்தால் கூட்டத்துக்கு முன்பே நீக்கியிருப்பேன். அப்போது பழியைச் சட்டத்தின்மேல் போட்டுவிட்டு நல்லவனாக இருந்திருக்கலாம்.

மனைவி பஸ்ஸில் போகிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் "வேண்டாங்க" என்கிறாள். கோபம் இல்லை. பால் வாங்கியாச்சா, சாவி எங்கே, மின்சார ஆள் வந்தானா. இவ்வளவுதான் எங்கள் பேச்சு. கோபப்பட்டால் தேவலை.

ஜூலை 3, வியாழன்

ஒன்பது வண்டிகள். மழை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டம். செயலாளரின் மருமகனுக்கு நிறுவனம் மின்சாரக் கார் தருகிறதாம். மகளும் மருமகனும் இங்கேயே குடி வருகிறார்கள். கீழே ஒரு சார்ஜிங் பாயிண்ட் வேண்டும்.

"அப்ப நிலைமை வேற சார்" என்றார் செயலாளர், யாரும் கேட்காமலே. "இப்ப டெக்னாலஜி எங்கயோ போயிடுச்சு."

"ஆறு மாசத்துலயா?" என்றார் தைக்கும் அம்மா.

"உலகம் அவ்வளவு வேகம்மா."

பல் டாக்டர் தனக்கும் சேர்த்து ஒன்று வைக்க முடியுமா என்று விசாரித்தார். அவரும் வாங்கப் போகிறாராம். படுக்கையறை அதே இடத்தில்தான் இருக்கிறது.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இஞ்சின் ஆளு. ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இல்லை. அப்பவும் இல்லை" என்றேன்.

"அவ்வளவுதான், சாரே சொல்லிட்டாரு" என்று கை தூக்கச் சொன்னார். நாற்பத்தோரு கை. பதினோரு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டது மனைவி ஒருத்திதான். நாற்காலியை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை ஆறேமுக்காலுக்குக் குழுவில் எழுதினேன்: "மார்ச் 16 அன்று இங்கே வந்த வீடியோவில் எரிந்தது பெட்ரோல் கார். அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் கூட்டத்தில் சொல்லவில்லை."

ஏழு மணிக்குள் முப்பத்தெட்டு பேர் படித்துவிட்டதாகக் காட்டியது. அவனும் படித்திருந்தான். நான் அவனைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை, அவனும் போகவில்லை. பதில் எழுதவில்லை. எழுதுவான் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான், நாலைந்து முறை. பல் டாக்டர் கும்பிடும் கை ஒன்று போட்டார், எதற்கென்று தெரியவில்லை. செயலாளர்: "பழைய கதை எதுக்கு சார், பின்பக்க வீடுகளுக்குத் தண்ணி வரலை, அதைப் பாருங்க."

மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஃபோனைப் படித்தாள். முடிக்க நேரம் எடுத்தது. மூன்றே வாக்கியம்தான்.

"அன்றேன்னு போட்டிருக்கு" என்றாள். "அன்னைக்கு எப்போ?"

"காலைல."

"காலைலன்னா?"

"ஏழு பத்து."

"நான் கேட்டப்ப மணி எட்டு."

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதையும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

போட்டேன்.