ஒடிந்த காலும் உன் புத்தகப் பெட்டியும்

கெலமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழு நலம், நான் இடது கால் நீங்கலாக நலம். டப்ளினில் உன் நலத்தை எழுதவும். இதை வழக்கத்துக்குக் கேட்கவில்லை பாப்பா, இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், ஏன் என்று கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்பா, அம்மாகிட்ட குடு" என்று முடித்துவிடுகிறாய். கடிதமென்றால் நடுவில் என்னை நிறுத்த முடியாதல்லவா, அதற்குத்தான்.

மொபெட்டிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததிலிருந்து கம்பெனி பஸ் என்னை விட்டுவிட்டுத்தான் ஓசூர் போகிறது. கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்து எத்தனை நாள் ஓட்டுவது, டிவி போட்டால் உன் அம்மா சீரியல், போனைத் தொட்டால் கண் எரிகிறது. அப்போதுதான் அம்மா பரணைச் சுத்தம் செய்ய ஏறி உன் புத்தகப் பெட்டியை இறக்கினாள், எலி கடித்திருக்கிறதா பார்த்து வையுங்கள் என்றாள். எலி கடிக்கவில்லை, நான்தான் கடிக்க ஆரம்பித்தேன். பர்கூர் காலேஜில் படிக்கும்போது நீ வாங்கிச் சேர்த்தவை, பாதி படக்கதை, பாதி பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகளைப் பற்றிய கதைகள். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், ரிஜெக்ட், ரீவொர்க், ஓவர்டைம், அதற்கு மேல் போகாது. எழுத்து குறைவாக இருக்கிறதே என்று படக்கதையில் ஆரம்பித்து, தைரியம் வந்தபின் மற்றதற்குப் போனேன், புரியாத இடத்தைப் போன் கேமராவில் காட்டினால் ஒரு மாதிரி தமிழில் சொல்லியது. பக்கத்து வீட்டு திம்மப்பன் ஏர்போர்ட் சவாரி முடித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனப்பா திருமலை, ஒடிஞ்சது காலுதானே, வயசும் சேர்ந்து ஒடிஞ்சுபோச்சா?" என்று கேட்டான். தெருவுக்கே சொல்லிவிட்டான். இப்போது பால் ஊற்ற வருகிறவர்கூட, கதையில் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

ஒரு மாதம் படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், சிரிக்காதே. இந்தக் கதைகளில் அப்பா என்று ஒருத்தன் வந்தால் ஒன்று முதல் பக்கத்திலேயே செத்திருக்கிறான், இல்லையென்றால் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை தலைக்கு மேல் வெள்ளம் போகும், அவன் ஸ்போர்ட்ஸ் பக்கம் பார்ப்பான். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன், அது போய்க் குழம்புச் சட்டி பக்கத்தில் விழ, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் மேலும் கோபம்தான். பத்தாம் பக்கத்தில் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், இருநூறு பக்கம் தானே சுமக்கிறதுகள். கேட்டால், அம்மா அப்பா மனசு கஷ்டப்படுமாம். சொல்லிவிட்டால் புத்தகமே இல்லைதான், ஆனால் புத்தகம் யாருக்கு வேண்டும்.

படக்கதைகளை முதல் தடவை ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு, இதென்ன பெரிய விஷயம் என்று இருந்தேன். வேறு வேலை இல்லாததால் ஒன்றைத் திரும்ப எடுத்தேன். புதுப் பள்ளிக்கூடத்தில் சேரும் ஒரு பையன் கதை. தினமும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஸ்கூல் நன்றாக இருந்தது என்பான், அவ்வளவுதான் பேச்சு. நானும் அதைத்தான் படித்திருந்தேன். இரண்டாம் தடவை படத்தைப் பார்த்தால், முதல் நாள் பையின் ஒரு வார் அறுந்திருக்கிறது. அடுத்த நாள் டிபன் டப்பா திறக்காமல் அப்படியே இருக்கிறது. அதற்கடுத்த நாள் ஒரு காலில் ஷூ இல்லை, மேஜைக்கு அடியில் காலை மடித்து மறைத்துக்கொண்டு நன்றாக இருந்தது என்கிறான். போகப்போக படம் போட்டிருக்கிற கட்டங்களும் ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவன் முகம் மட்டும்தான் தெரிகிறது. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது பாப்பா. நான் வாயிலிருந்து வந்ததை மட்டும் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நீ பேசியதை அம்மா கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு நான் படத்தைப் பார்த்தேன். முன்னெல்லாம் உன் பின்னால் ஜன்னலும் ஒரு மரமும் தெரியும், கதவில் ஆபீஸ் அட்டை கயிற்றோடு தொங்கும். இப்போது வெறும் சுவர். இரும்புக் கட்டிலின் ஏணி மாதிரி ஏதோ ஓரத்தில். வீட்டுக்குள் இருந்துகொண்டே கோட்டும் குல்லாவும் போட்டிருக்கிறாய், கேட்டால் ஸ்டைல் என்று சிரித்தாய். யோசித்துப் பார்த்தால், வாரத்துக்கு வாரம் போன் உன் முகத்துக்குக் கிட்டே வந்துகொண்டே இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போய்விட்டதா, அறை மாறிவிட்டாயா, உடம்புக்கு ஏதாவதா, இல்லை மரம் இருக்கிற பக்கம் பெயிண்ட் அடிக்கிறார்களா என்பது வரைக்கும் யோசித்தாயிற்று. அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நாலைந்து நாள் மென்று முழுங்கிவிட்டு, பொறுக்க முடியாமல் சொன்னேன். கதைப் புத்தகம் படித்து மூளை கெட்டுப்போச்சு என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "தீபாவளிக்கு அப்புறம் அவ என்ன சாப்ட்டேன்னு ஒரு தடவகூட சொல்லல. நீங்க பயந்துக்குவீங்கன்னு நான் சொல்லல" என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டிருந்திருக்கிறோம், பார்.

ஒருவேளை எல்லாமே என் கற்பனையாக இருக்கலாம். அப்படியிருந்தால் திம்மப்பனிடம் சொல்லி இன்னும் ஒரு வருஷம் சிரி, கோபப்பட மாட்டேன். இல்லையென்றால், அப்பா கம்பெனி பஸ்ஸில் டப்ளின் டப்ளின் என்று பீற்றிக்கொண்டாரே என்பதற்காக நீ எதையும் மூடி வைக்காதே. அந்த பஸ்ஸில் வேறு பேசுவதற்கு எனக்கு ஆயிரம் இருக்கிறது, இப்போது கதை வேறு தெரியும். அங்கேயே இருந்து பார்க்கிறாயா, இரு. வருகிறாயா, வா. எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குத் தன் வண்டி வந்து நிற்கும் என்று திம்மப்பன் சொல்கிறான், விஷயம் என்ன என்று நான் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், அதைப் பத்தாம் பக்கத்திலேயே சொல்லிவிடு, இருநூறு பக்கம் தாங்குகிற மனசு எங்களுக்கு இல்லை.

கேட்கிறவன் முதலில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். கட்டுப் பிரித்தாயிற்று, நன்றாக நடக்கிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று மறுபடி கட்டுப் போட்டிருக்கிறார்கள், பொங்கலுக்கு அப்புறம்தான் பிரிப்பார்களாம், கழிவறைக்குக்கூட அக்குளில் கட்டையை வைத்துக்கொண்டுதான் போகிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அதனால்தான் உன்னுடையதும் கண்ணில் பட்டதோ என்னவோ.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஊர்ச் சாமியும் பெற்றவர்கள் மனசும் உன்னோடு இருக்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய். ஒன்றே ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு கூப்பிடும்போது போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசு. நானும் தள்ளி வைக்கிறேன், கட்டை தெரியட்டும்.

இப்படிக்கு,
பேப்பரைக் கீழே வைத்துவிட்ட
உன் அப்பா
திருமலை